இடைவேளைக்கு மேல் ஓடாத படம்

'வெய்யில்கோட்டை வேந்தன்' என்று ஒரு படம் வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை, கோபம்தான். எந்தெந்தக் குப்பைக்கோ கட்-அவுட் வைத்துப் பால் ஊற்றுகிற நாட்டில், எங்கள் செஞ்சிக் கோட்டையில் எடுத்த இந்த ஒரு படத்துக்கு ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் போயிற்று. கோட்டைக்கு இப்போது உலக அங்கீகாரமே கிடைத்துவிட்டது. வெள்ளைக்காரனெல்லாம் வந்து பார்க்கிறான். படத்தைப் பார்க்கத்தான் நாதியில்லை.

என் பெயர் சாமுண்டீஸ்வரி. திருவண்ணாமலை ரோட்டில் இட்லிக்கடை வைத்திருக்கிறேன். கோட்டை பார்க்க வருகிறவர்கள் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் சாப்பிடுவார்கள். இறங்கி வந்து, முன்னால் சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடியும் சாப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் காமராஜ் ரேடியோ செட் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, சாவு, எதுவாக இருந்தாலும் மைக், குழாய் ஸ்பீக்கர், சீரியல் லைட் எல்லாம் அவர்தான். கொஞ்ச வருஷமாகப் பெரிய வெள்ளைத் திரையும் புரொஜெக்டரும் வாங்கிப் போட்டிருக்கிறார். ஊர் ஊராகப் போய் "மைக் டெஸ்ட், மைக் டெஸ்ட்" என்று தொண்டை கிழியக் கத்துகிற மனுஷன், வீட்டுக்குள் வந்தால் வாயில் கொழுக்கட்டை. சாம்பார் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்கூட ஒரு பதில் வராது. இன்னும் கொஞ்சம் ஊற்று என்று தட்டை நீட்டினால் நன்றாக இருக்கிறது என்று நானாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

படத்தின் கதையைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். மலையுச்சியில் ஒரு ராஜா. பெரிய வீரர். ஆனால் அவருக்கு முட்டிவலி. ஏறி உட்கார்ந்தவரால் இறங்க முடியவில்லை. எதிரி கீழே கூடாரம் போட்டுக்கொண்டு, இறங்கி வந்தால் சண்டை, வராவிட்டால் காத்திருப்போம் என்கிறான். ராஜாவுக்கு முட்டிவலி என்பது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று மந்திரிகள் மூடி மறைக்கிறார்கள். கடைசியில் ஒரு சாதாரணச் சிப்பாய், ராஜாவை முதுகில் சுமந்துகொண்டு அத்தனை படியும் இறங்குகிறான். எவ்வளவு அருமையான கதை. எங்கள் கோட்டை மலையான ராஜகிரியில் ஒரே ஒரு தடவை ஏறி இறங்கியவன்கூட இதைக் குறை சொல்ல மாட்டான். ஆனால் சென்னையில் ஏசி ரூமில் உட்கார்ந்து விமர்சனம் பண்ணுகிற ஒருத்தன், "ராஜாவுக்கு முட்டிவலி, நமக்குத் தலைவலி" என்று சொல்லிவிட்டான். அவன் வாயில் என் கடை மிளகாய்ப்பொடியைக் கொட்ட வேண்டும். அவனுக்கும் ஒரு நாள் முட்டி வலிக்கும். அன்றைக்கு அவனுக்குப் படம் புரியும்.

இந்தப் படத்தில் நான் நடித்திருக்கிறேன். கூட்டத்தோடு கூட்டமாக இல்லை. கிளைமாக்ஸில், தனியாக, முகம் முழுக்கத் தெரிகிற மாதிரி.

அது எப்படி நடந்தது என்றால், ராஜாவை இறக்கிவிட்ட சிப்பாய் கோட்டை வாசலிலேயே செத்துப்போகிறான். அவனுடைய அம்மா வந்து அழ வேண்டும். படத்தில் அது அடிவாரம், எடுத்தது மலையுச்சியில். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்ததாம், சினிமாவில் அப்படித்தான். அழுவதற்காகச் சென்னையிலிருந்து வந்த நடிகை பாதி மலையில் உட்கார்ந்துவிட்டார். "என்னைத் தூக்கிக்கிட்டுப் போங்க, இல்லன்னா எறக்கி விடுங்க" என்று சொல்லிவிட்டார். ராஜாவுக்கு வந்த வியாதி அவருக்கும் வந்துவிட்டது.

அன்றைக்கு மொத்த யூனிட்டுக்கும் மதியச் சாப்பாடு என்னுடையது. விடியற்காலையில் எழுந்து புளி கரைத்து, கடலையை வறுத்துப் போட்டு, ஓர் அண்டா புளிசோறு கிளறி, இரண்டு ஆளைப் பிடித்து மேலே தூக்கிவரச் செய்திருந்தேன். உச்சிக்குப் போய்ச் சேர்ந்த நேரம், எங்கிருந்தோ குரங்குக் கூட்டம் பாய்ந்தது. தூக்கி வந்தவர்கள் அண்டாவை அப்படியே விட்டுவிட்டார்கள். அண்டா படிப்படியாக டங்கு டங்கென்று உருண்டு போகிறது, குரங்குகள் பின்னாலேயே போகின்றன, வழியெல்லாம் சோறு. தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் வாசல்படியில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். "பாவிங்களா, என் வயித்துல மண்ண போட்டுட்டீங்களே. காத்தாலேர்ந்து பாத்துப் பாத்து ஆக்குனேனே."

டைரக்டர் குரு பொறுமைசாலி, மெல்லப் பேசுகிற பையன். அவர் எல்லாரையும் வாயை மூடச் சொல்லிவிட்டுக் கேமராவை என் பக்கம் திருப்பிவிட்டார். எடுத்து முடித்ததும் மொத்தப் பேரும் கைதட்டினார்கள். குரு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இந்தப் படத்துல நெசமா அழுதது நீங்க ஒருத்தர்தான். உங்க சத்தத்துக்குப் பதிலா சங்கு சத்தம் மட்டும் வைக்கிறேன். மூஞ்சி போதும்" என்றார். யூனிட் முழுக்க அன்றைக்கு பிஸ்கட்தான் தின்றது.

என் வீட்டுக்காரர் அன்று மேல்சித்தாமூரில் ஒரு கல்யாணத்துக்கு மைக் கட்டப் போயிருந்தார். சாயங்காலம் வந்ததும் நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அண்டா நெளிஞ்சிடுச்சா?" என்றார். அவ்வளவுதான். கட்டின பெண்டாட்டி சினிமாவில் நடித்துவிட்டு வந்திருக்கிறாள், அந்த மனுஷனுக்கு அண்டாக் கவலை.

சரி, திரையில் பார்த்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்தேன். படம் வெளிவந்த அன்றைக்குப் புயல். விழுப்புரத்துக்கு வேன் பிடித்துக் குடும்பத்தோடு போனோம். இடைவேளையில் முறுக்கு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் கரண்ட் போனது. போனது போனதுதான். மரம் விழுந்து மறுநாளும் காட்சி இல்லை. அதற்கடுத்த நாள் வேறு படம் போட்டுவிட்டார்கள். குரு அதன்பிறகு கல்யாண வீடியோ எடுக்கப் போய்விட்டார். போவதற்கு முன்னால் படத்தை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு எங்கள் கையில் கொடுத்தார்.

நீங்கள் கேட்பீர்கள், கையில்தான் படம் இருக்கிறதே, வீட்டிலேயே போட்டுப் பார்க்க வேண்டியதுதானே என்று. பயம். ஆமாம், எனக்குத்தான் பயம். என் நாத்தனார் ரஞ்சனி வல்லத்தில் வாக்கப்பட்டிருக்கிறாள். அவள் ஒரு தடவை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எடுத்ததெல்லாமா அண்ணி படத்துல வருது? வெட்டிக் கடாசியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்த டிஸ்க்கைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தனியாக உட்கார்ந்து பார்த்து, அதில் நான் இல்லை என்றால் என்ன செய்வது? இருந்தாலும்தான் என்ன செய்வது? என்னை நானே பார்த்து நானே கைதட்டிக்கொள்ளவா? பார்த்தால் ஊரோடு, பெரிய திரையில், என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது பார்க்க வேண்டும். அதுவரை அந்த டிஸ்க்கில் யாரும் கை வைக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டுவிட்டேன். அவரும் சரி என்று சொல்லவில்லை, தட்டை நீட்டினார்.

அப்புறம் வல்லத்தில் அந்தக் கூத்து நடந்தது. சில வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதக் கூழ் ஊற்றலுக்குச் சாமி படம் போடச் சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். சாமி படம் திறக்கவில்லை. கூட்டம் கத்துகிறது. பெட்டியில் கைக்கு அகப்பட்டது 'வெய்யில்கோட்டை வேந்தன்' டிஸ்க்தான். என் சட்டத்தை மறந்து போட்டுவிட்டார். சரியாக இடைவேளையில் மழை பிடித்தது. விதைத்ததற்கப்புறம் அதுதான் முதல் மழை. காய்ந்துகொண்டிருந்த மணிலாச் செடி, அதாங்க வேர்க்கடலை, எல்லாம் தலை தூக்கிவிட்டது.

மழை வேண்டிக் கூத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காப்புக் கட்டி, விரதம் இருந்து, கதை நடக்கும்போதே மழை வந்துவிடும் என்று நம்புவார்கள். வல்லத்துப் பெரிய மணிலாக்காரர் இராமச்சந்திரன் ஒரே போடாகப் போட்டார். "கூத்தோ படமோ, மழை வந்துதா இல்லியா? இனிமே இதுதான் நமக்கு." அன்றிலிருந்து வானம் ஏமாற்றினால் எங்கள் வீட்டுக்கு ஆள் வந்துவிடும்.

இப்போது அதற்கென்று முறையே உண்டு. படம் போடுவதற்கு முன்னால் ஊர் எல்லையில் காப்புக் கட்டுவார்கள். அன்றைக்கு யார் வீட்டிலும் கறி, மீன் என்று கவிச்சி கிடையாது. புரொஜெக்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. ஒரு தடவை குங்குமம் கண்ணாடியில் பட்டு, முதல் பாதி முழுவதும் ராஜா குரங்கு மாதிரி சிவந்த முகத்தோடு வந்தார். ராஜாவுக்குக் கோபம் என்று நினைத்துப் பயந்து இரண்டு தேங்காய் அதிகமாக உடைத்தார்கள். எல்லாம் சரி. ஆனால் முதல் தூறல் விழுந்ததும் இராமச்சந்திரன் எழுந்து துண்டை உதறிக்கொண்டு, "போதும் காமராஜு, நிறுத்து" என்பார். வயலுக்குத் தண்ணீர் பாய்ந்ததும் மோட்டாரை நிறுத்துகிற மாதிரி. மறு நிமிஷம் களத்தில் ஒரு குஞ்சு இருக்காது.

ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். இடைவேளைக்கு மேல் அந்தப் படத்தைப் பார்த்த ஆள் செஞ்சி வட்டாரத்தில் ஒருத்தர் கிடையாது. ராஜா மலையிலிருந்து இறங்கினாரா இல்லையா என்று யாருக்கும் கவலையும் கிடையாது. நான் ஒரு தடவை கேட்டேவிட்டேன். "ஏன் பெரியவரே, மேக்கால மின்னல் தெரிஞ்சாதான் எங்க ஆளக் கூப்புடறீங்க. படம் போடலன்னாலும் அந்த மழை வந்திருக்குமே. வந்த படத்த முழுசா பாத்தா இன்னா கொறஞ்சா போயிடுவீங்க?" அதற்கு அவர், "மழை வந்தப்புறமும் ஓட்டுனா வெள்ளம் வந்துரும்மா" என்றார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

இந்த வைகாசிக் கடைசியில் விஷயம் வேறு மாதிரி ஆயிற்று. ஒரு மழையை நம்பி வல்லத்துக்காரர்கள் மணிலா விதைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. மின்னலுக்குக் காத்திருக்க நேரமில்லை. இராமச்சந்திரன் நேராக என் கடைக்கே வந்து, "வெள்ளிக்கெழம படத்தப் போட்டே ஆவணும். வெத மண்ணுக்குள்ள வேவுது" என்று சொல்லிவிட்டு, இரண்டு வடை தின்றுவிட்டுப் போனார்.

அவர் எழுந்த இடத்தில் கௌஸ் பாஷா வந்து உட்கார்ந்தார். தளவானூர் பக்கம் செங்கல் சூளை வைத்திருக்கிறார். அறுத்து வைத்த, இன்னும் சுடாத பச்சைக் கல்லெல்லாம் வெட்டவெளியில் காய்கிறது. ஒரு மழை அடித்தால் கல்லெல்லாம் மறுபடி சேறு. மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

"யக்கா, வெள்ளிக்கெழம படமாமே. நெசமா?"

"ஆமா பாய். தோசை ரெண்டு போடட்டா?"

"தோசை எறங்குமா எனக்கு? அந்தப் படத்த ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லுக்கா. கல்ல சூளையில ஏத்திடறேன். அப்பறம் நீ ரெண்டு காட்சி வேணா ஓட்டிக்கோ."

"பாய், நீங்க காலேஜி வரைக்கும் படிச்ச ஆளு. படம் போட்டா மழை வரும்னு நீங்களுமா நம்பறீங்க?"

"நம்பல. ஆனா போன ரெண்டு வாட்டியும் என் கல்லு கரைஞ்சிது. நான் நம்பாதது கல்லுக்குத் தெரியலியே."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. மழை வரக் கூடாது என்று இந்த மனுஷன் நினைக்கிறார். மழை வரக் கூடாது என்று நானும் நினைக்கிறேன். அவருக்குக் கல், எனக்கு கிளைமாக்ஸ். நான் குரலைத் தாழ்த்தி, "பாய், தள்ளிப் போட முடியாது. ஆனா அன்னிக்கி மழை வராம இருக்க நீங்க உங்க பக்கம் வேண்டுங்க, நான் எங்க பக்கம் வேண்டறேன்" என்றேன். அவர், "ஊரு முழுக்க மழை கேக்குது. நீ மட்டும் ஏன்க்கா வேணாங்கற?" என்றார். சொன்னேன். முழுவதையும் சொன்னேன், அண்டா உட்பட. கேட்டுவிட்டு, "தோசை போடுக்கா" என்றார்.

கௌஸ் பாஷா தர்காவுக்குப் போனார். நான் ராஜகிரி ஏறிக் கமலக்கன்னி அம்மனிடம் போனேன். மழையே வேண்டாம் என்று கேட்க மனசு வரவில்லை. விதைத்தவன் வயிறும் வயிறுதானே. அதனால் பேரம் பேசினேன். "தாயே, இடைவேளைக்கு அப்பறம் ஒரு மணி நேரம் மட்டும் எனக்குக் குடு. அதுக்கப்பறம் நீ ஏரி ஒடைய ஊத்து, நான் ஏன்னு கேக்க மாட்டேன்." அதே நாளில் வல்லத்தில் காப்புக் கட்டி மாரியம்மனிடம் எதிர்ப்பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். மேலே இருக்கிறவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும்.

குருவுக்குப் போன் போட்டு, "தம்பி, வெள்ளிக்கெழம உங்க படம் வல்லத்துல ஓடுது" என்றேன். அவர் சிரித்தார். "மழைக்காவது ஓடுதே, ஓடட்டும்க்கா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நல்ல படத்தை எடுத்துவிட்டு ஒரு மனுஷன் இப்படிப் பேச வேண்டியிருக்கிறதே.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் மாரியம்மன் கோயிலுக்கு எதிரே களத்தில் திரை கட்டினார்கள். பாய், சாக்கு, பிளாஸ்டிக் நாற்காலி என்று ஊரே வந்து உட்கார்ந்துவிட்டது. எல்லார் கையிலும் குடை. கௌஸ் பாஷா ஒரு மினி லாரி நிறையத் தார்ப்பாயோடு வந்து ஓரமாக நிறுத்திவிட்டு, முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். என் பக்கத்தில் ரஞ்சனி. என் வீட்டுக்காரர் வழக்கம்போலத் திரைக்கு முதுகைக் காட்டி, ஆம்ப்ளிபயர் பெட்டியையும் ஜெனரேட்டரையும் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். தான் போடுகிற எந்தக் காட்சியிலும் அவர் படம் பார்த்ததே கிடையாது. கல்யாண வீட்டில் சமையல்காரன் தாலி கட்டுவதைப் பார்க்காத மாதிரி. கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, படம் ஆரம்பமானது.

முதல் பாதி எல்லாருக்கும் மனப்பாடம். ராஜா வசனம் பேசுவதற்கு முன்னால் கூட்டம் பேசியது. இடைவேளை வந்தது. எல்லாரும் குடையைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். வானத்தில் ஒரு திட்டு மேகம் இல்லை. நட்சத்திரமெல்லாம் வறுத்த உளுந்து மாதிரி பளிச்சென்று கொட்டிக் கிடந்தது. கௌஸ் பாஷா என் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினார். நான் முந்தானைக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இன்னா காமராஜு, மழையக் காணோம்?" என்றார் இராமச்சந்திரன்.

"எனக்கின்னா தெரியும்? நான் படம் போடற ஆளு."

"சரி, மேல ஓட்டு. வர்ற வரைக்கும் ஓட்டு."

மேலே ஓடியது. கூட்டத்துக்கு இது புது நிலம். இத்தனை வருஷமாகப் பார்த்த படத்தில் அவர்கள் பார்க்காத பாதி. முதலில் யாரும் திரையைப் பார்க்கவில்லை, அண்ணாந்துகொண்டே இருந்தார்கள். ராஜா படியில் முதல் காலை வைத்து "அம்மா" என்று முனகினார். பின்வரிசையில் ஒரு கிழவர், "பாவம், எனக்கும் இந்த எடத்துலதான் புடிக்கும்" என்றார். பிறகு ஒவ்வொரு தலையாக இறங்கியது. சிப்பாய் ராஜாவை முதுகில் ஏற்றிக்கொண்டபோது, "பாத்து, பாத்து, அந்தப் படி வழுக்கும்" என்று ஒருத்தி எச்சரித்தாள். அவள் ராஜகிரியில் வழுக்கி விழுந்தவள். இராமச்சந்திரன் மட்டும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். அப்புறம் அவர் கண்ணும் திரைக்கு இறங்கியது. மடியில் இருந்த குடை கீழே விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

சிப்பாய் வாசலுக்கு வந்துவிட்டான். ராஜாவை இறக்கிவிட்டான். சுருண்டு விழுந்தான். இதற்கப்புறம்தான் நான். இருக்கிறேனா, இல்லையா? கண்ணை மூடிக்கொண்டேன். சங்குச் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தால், திரை முழுக்க நான்.

வெட்டவில்லை. அத்தனையும் இருந்தது. அவிழ்ந்த தலை, புழுதி, மூக்குத்தியில் வழிந்து நின்ற கண்ணீர், சத்தம் வராமல் திறந்த வாய். அது புளிசோற்றுக்கு அழுத அழுகை என்று எனக்கே நம்ப முடியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் மாதிரிதான் இருந்தேன். ஒரு மூலையில் யாரோ விசும்பினார்கள். அது அப்படியே பரவியது. இராமச்சந்திரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ரஞ்சனி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் கன்னமெல்லாம் ஈரம். "யாரு அண்ணி அந்தப் பொம்பள?" என்றாள். "பெத்த வயிறு கலங்குது. எந்த ஊர்க்காரியோ."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். என்னை வெட்டியிருப்பார்கள் என்றே இருந்துவிட்டாள், அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. என் வீட்டில் வளர்ந்தவள், என் கையால் தலை பின்னிக்கொண்டவள். சுற்றிலும் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. தினமும் என்னிடம் இட்லி தின்கிறவர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்து அழுகிறார்கள், நான் யாரென்று தெரியாமல். நானும் இப்போது கண்ணாடி போட்டு, உடம்பு ஊதி, பாதி நரைத்துவிட்டேன், அவர்களையும் குறை சொல்ல முடியாது. அங்கே கௌஸ் பாஷாவிடம் மட்டும்தான் முழுவதையும் சொல்லியிருந்தேன். அவரோ குனிந்து தேம்பிக்கொண்டிருந்தார்.

நான்தான்டி என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. சந்தையில் நாலு கடைக்குக் கேட்கிற மாதிரி சண்டை போடுகிறவள் நான், எனக்குக் குரல் வரவில்லை. நானே சொன்னால் அதற்கு என்ன மதிப்பு? கேட்டு வாங்கினால் அது பிச்சை இல்லையா? இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்கா? தாயே, பேசாமல் மழையையாவது விட்டிருக்கலாமே என்று அம்மனைத் திட்டினேன்.

அப்போது குழாயில் ஒரு கரகரப்பு.

"மைக் டெஸ்ட்."

எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார். முதல் தடவையாகத் திரையைப் பார்த்து நின்றிருந்தார். பழக்கத்தில் இன்னொரு தடவையும் "மைக் டெஸ்ட்" என்றார்.

"பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. இப்ப திரையில அழுதுகினு இருக்கறது யாருன்னு கேக்கறீங்க. அது என் பொண்டாட்டி சாமுண்டீஸ்வரி. திருவண்ணாமலை ரோடு, இட்லிக்கடை."

மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"மலைமேல இன்னா நடந்துதுன்னு அன்னிக்கே எங்கிட்ட சொன்னா. நான் அண்டா நெளிஞ்சிடுச்சான்னு கேட்டேன். என் அறிவுக்கு அவ்ளோதான் தோணிச்சி. இப்பதான் பாக்கறேன். என் ஊட்டுல இருக்கறது இவ்ளோ பெரிய ஆளுன்னு எனக்குத் தெரியாமப் போச்சி. இதை எல்லாருக்கும் தெரிவிச்சிக்கறேன். நன்றி, வணக்கம்."

அவ்வளவு நீளமாக அந்த மனுஷன் என்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. நாலு குழாயிலும் கேட்டது. அடுத்த ஊருக்கும் கேட்டிருக்கும்.

ரஞ்சனி "அண்ணி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். மொத்தக் கூட்டமும் என் பக்கம் திரும்பியது. பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். இராமச்சந்திரன் நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, திரையில் இருந்தவளும் இங்கே இருப்பவளும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அங்கே திரையில் ராஜா முட்டியைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்கிறார். எதிரி வாளைக் கீழே போடுகிறான். குரு பையன் உயிரைக் கொடுத்து எடுத்த கடைசிக் காட்சி, இந்த வட்டாரத்தில் முதன்முதலாக ஓடிக்கொண்டிருக்கிறது, பார்க்க ஒரு ஆள் இல்லை. எனக்குக் கோபம் பொங்கி வந்தது. கோபத்தோடு அழுகையும் வந்துவிட்டது, எது முன்னால் எது பின்னால் என்று தெரியவில்லை.

"அறிவிருக்குதா உங்களுக்கு?" என்று கத்தினேன். "என்ன தெனந்தான் பாக்கறீங்களே. அங்க பாருங்க, படம் ஓடுது. திரும்புங்க எல்லாரும்."

ஒருத்தரும் திரும்பவில்லை. நான் அழுது முடிக்கிற வரைக்கும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.